கூத்தும் நிறத்தாளும்

காமன் கூத்தின் உச்சக்கட்டம் காமதகனம். சிவனது நெற்றிக்கண் திறக்க, மன்மதன் எரிந்தொழிகின்றான். மலையகத் தோட்டங்களில் மாசித் திங்கள் இரவுகளிலே திறந்த வெளியில் ஆடப்பெறும் இக்கூத்தின் ஒரு பகுதியைச் சில ஆண்டுகளுக்கு முன் திகனவை அடுத்த மண்டபமொன்றில் மேடையேறக் கண்டேன். தகனக் கட்டம் வந்ததும் மேடைக்கு மேலிருந்த நிரைவிளக்குகள் யாவும் கடுஞ்சிவப்பாயின. நெருப்பைக் காட்டவேண்டும் என்னும் நல்லெண்ணமே காரணம். ஆயின் மன்மதனின் பச்சைப் பட்டு அக்கணமே கருநிறமாயிற்று. முகத்திற் தீட்டிய செங்கோடுகள் தோலோடு கலந்து மறைந்தன. “எரியுமுன்னரே சாம்பலாகிவிட்டானே!” என்றார் என் அருகிலிருந்த முதியவர். அவர் அக்கூத்தை இளமையில் ஆடியவர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அன்று நிகழ்ந்த பிழை யாது? நிறத்தாள் ஒளிக்கு நிறம் ஊட்டுவதாகப் பலர் கருதுவர். அது ஊட்டுவதில்லை, பறிப்பது. செந்தாள் பச்சை, நீலக் கதிர்களைத் தடுத்துச் சிவப்பை மட்டும் விடுகின்றது. பச்சைத் துணி திருப்பியனுப்பத்தக்க கதிர் ஒன்றும் அதன்மேல் வீழாதபோது துணி கறுப்பாகத் தோன்றாது வேறெவ்வாறு தோன்றும்?

ஒளியை நிறமாக்கும் ஆசை பழையது. இத்தாலியரான செர்லியோ 1545இல் வெளியிட்ட நூலில், நிற நீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பிகளின் பின்னே விளக்கேற்றும் முறையை விவரித்தார். 1881இல் இலண்டன் சவோய் அரங்கு மின்னொளி பெற்றது. மின்விளக்கின் முன் ஜெலற்றின் தாளைச் செருகுவது பின்னர் எங்கும் வழக்கமாயிற்று. அத்தாள் வெப்பத்தில் வெளிறி நொறுங்கும், ஈரத்தில் துவளும். கண்டிச் சீமையின் மழைக்காலத்துக்கு ஏற்றதன்று. பிரித்தானிய ஸ்ட்ராண்ட் எலெக்றிக் கம்பனியாரின் ‘சினிமொயிட்’ என்னும் அசற்றேற் தாள் அக்குறையைப் பெரிதும் நீக்கியது. அதன் வரிசையில் 6 முதன்மைச் சிவப்பு, 20 கருநீலம், 39 முதன்மைப் பச்சை. பிற்காலத்து லீ நிறுவனத்தாரின் 106, 120, 139 என்பவை அவ்வெண்களுக்கு முன் ஒன்று சேர்த்தவையே.

நிரைவிளக்கில் இம்மூன்று நிறங்களும் மாறிமாறி வரிசையாக அமையும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சுற்றும் மங்கற்கருவியும் உண்டு. சிவப்பும் பச்சையும் கூடின் மஞ்சள். மூன்றும் கூடின் வெண்மை. இக்கலப்புப் பின்திரைக்கு மிக உகந்தது. கருநீலத் தாள் ஒளியிற் பெரும்பங்கை விழுங்கிவிடுவதாலும், இழைவிளக்கில் இயல்பாகவே நீலம் குறைவாதலாலும், நீலச் சுற்றுக்கு மிகுதியான விளக்குகள் வேண்டும். நம் மண்டபங்களில் இது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

ஆடுவோர்மீது வீழும் ஒளியோ வேறு வகையினது. இவ்வினா நமக்குக் கூர்மையாக எழுந்தது 1960களிலே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை 1962இல் ‘கர்ணன் போர்’ எனவும், 1963இல் ‘நொண்டி நாடகம்’ எனவும் மேடைக்குக் கொணர்ந்தார். நாற்புறமும் மக்கள் சூழ விடியுமட்டும் வட்டக்களரியில் நிகழ்ந்த ஆட்டம், ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. களரியில் தீப்பந்தமும் பின்னாளில் பெற்றோமாக்சும் எரிந்தன. பந்தவொளி செம்மை மிகுந்ததாயினும் எந்நிறத்தையும் முற்றாக விலக்குவதன்று. எனவே முடியிற் பதித்த கண்ணாடித் துண்டு மின்னிற்று. பச்சை பச்சையாகவே நின்றது. கூத்தின் உடையும் ஒப்பனையும் அவ்வொளியை நம்பியே உருவானவை.

ஆதலின் கூத்துக்கு 3ஆம் எண் வைக்கோல் நிறம், 54ஆம் எண் இளரோசா ஆகிய வெளிறிய தாள்களே முன்விளக்குக்குப் போதுமென்பது என் கருத்து. இரவைக் காட்ட 17ஆம் எண் எஃகு நீலம் சிறிதளவு சேர்க்கலாம். கடுநிறங்கள் பின்திரையோடு நிற்கட்டும். அங்கே சிவப்பு எத்துணை எரிந்தாலும் மன்மதனின் பட்டு கருகாது. இக்காலத்து எல்.ஈ.டி. நிரைவிளக்குகளில் தாளே இல்லை. விசையொன்றைத் தள்ளினால் எந்நிறமும் வரும். இதனால் தவறும் எளிதாயிற்று என்பேன். முன்னர் தாளை வெட்டிச் செருகுவதற்குள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க நேரமிருந்தது.

திகன மண்டபத்து இளைஞரிடம் ஆட்டம் முடிந்தபின் இதனைச் சொன்னேன். அவர் மன்மதனின் பட்டை வாங்கி, வெறும் குமிழ் விளக்கின் கீழ் விரித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.