சீருடையும் முக்காடும்

2002 ஜனவரியில் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த நான்கு முஸ்லிம் சிறுமியர் துடோங் அணிந்து தேசியப் பள்ளிகளுக்குச் சென்றனர். சீருடை விதி அதற்கு இடம் தரவில்லை. பிப்ரவரியில் மூவர் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டனர். எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே உடையில் சேர்ந்து பழக வேண்டும் என்றது அரசு. சீக்கிய மாணவர் தலைப்பாகையோடு வரலாமே என்று கேட்டவர்களுக்கு, அது பிரிட்டிஷார் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்கு இன்றும் நிறைவில்லை.

பள்ளிக் கதவருகே முக்காட்டைக் கழற்றி, மடித்துப் பையில் வைத்து, பள்ளி விட்டதும் மீண்டும் அணிந்த பெண்கள் இன்று நம் சங்கத்துத் தாய்மார்கள். 2021 நவம்பர் 1 முதல் பொதுச் சுகாதாரத் துறைத் தாதியர் துடோங் அணியலாம் என்றானது. பள்ளி விதி மாறவில்லை. அந்தத் தாய்மார்களின் மகள்களும் கதவருகே நின்றுதான் மடிக்கிறார்கள்.