மூன்று ஆறும் ஒரு ரயிலும்

மூணாறு என்றதும் நம்மில் பலருக்கு ஸ்வெட்டரும் டீயும்தான் ஞாபகம் வரும். வரலாறு படித்தவன் என்ற முறையில் நான் அங்கே தேடிப் போனது ஒரு ரயிலை. இல்லாத ரயிலை!

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுகிற சின்ன ஊர். பெயரே அதைச் சொல்லிவிடும். 1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு ராஜாவிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சிங்கோனா என்று போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலைதான் நிலைத்தது.

விளைந்ததைக் கீழே இறக்க வேண்டுமே? 1902ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908ல் அதுவே இரண்டடி அகல ரயில் பாதையானது. மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். ஆக, மூணாறு டீ மலையிறங்கியது நம்ம பக்கமாகத்தான்!

1924 ஜூலையில் பேய்மழை. மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். ஆறுகள் பாதையை அடித்துக்கொண்டு போயின. ரயிலை மறுபடி யாரும் போடவில்லை. ஆலுவாவிலிருந்து வந்த பழைய காட்டுச் சாலையும் போயிற்று. புதுச்சாலை 1931ல்தான் வந்தது. ரயில்வே ஸ்டேஷன் கட்டிடம் பிற்பாடு தேயிலைக் கம்பெனி ஆபீஸ் ஆகிவிட்டது.

துரைமார்களின் பெயர்கள் புத்தகத்திலும் கல்லறையிலும் இருக்கின்றன. காட்டை வெட்டியவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் பெயர்கள் எங்கே? திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் பின்னால் மலையேறி வந்த நம் ஜனங்கள்தான் அவர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, பலியான 70 பேரில் பெரும்பாலோர் அந்த வழி வந்தவர்களே. ஆற்றோடு போன உடல்களை நாள்கணக்கில் தேடினார்கள். நாலு பேர் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

மாணவத் தம்பி தங்கைகளே! அடுத்த டூருக்கு மூணாறு போனால் கேமராவோடு ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். லயத்துப் பாட்டிகளிடம் உட்கார்ந்து, "உங்க தாத்தா எந்த ஊரு, எப்ப வந்தாரு?" என்று கேளுங்கள். பேரோடு, ஊரோடு எழுதி வாருங்கள். தண்டவாளத்தைத்தான் வெள்ளம் கொண்டு போயிற்று. இந்தப் பெயர்களை நாம் விட்டுவிடக் கூடாது.