கடல்கட்டி: முத்துக்குளிப்பில் சுறாவும் மனிதரும் – வைகைத் தலைநிலத்திலிருந்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்னும் சடங்காளர் பல நூற்றாண்டுகள் இடம்பெற்றனர். இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், ஆபத்தான தொழிலில் அச்சம் எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்கான வரலாற்றுச் சான்றாக இக்கட்டுரை அணுகுகிறது. கடற்படுபொருள்களின் பயனை நுகர்ந்த உள்நாட்டுக்கும் அவற்றைத் தேடி உயிரைப் பணயம் வைத்த கரைநாட்டுக்கும் உள்ள தொடர்பை, வைகை தோன்றும் தேனி – கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நோக்குகிறது.

திறவுச் சொற்கள்: சுறா, கடல்கட்டி, முத்துச் சலாபம், பரதவர், வைகை, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

வருசநாட்டு மலையில் தோன்றும் வைகை, கம்பம் பள்ளத்தாக்கின் நீரையும் ஏற்றுக்கொண்டு மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலை அடைகிறது. அம்முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளம், அகழாய்வில் உரோமானியக் காசுகளும் அயல்நாட்டு மட்கலன்களும் வெளிப்பட்ட பழந்துறை. மறுமுனையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள், வைகையின் தலைநிலமும் தொன்மையான எழுத்தறிவு மரபைக் கொண்டிருந்ததை உணர்த்துகின்றன. கம்பம், கூடலூர் வழியே மலை கடந்தால் சேரநாடு. எனவே, பாண்டியநாட்டுக் கடற்பொருள்கள் மேற்குக் கடற்கரைக்குச் சென்ற தரைவழிகளுள் இப்பள்ளத்தாக்கும் ஒன்றாக இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

சிலப்பதிகாரக் கதையின் திருப்பமே பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து என்பதில் அமைகிறது. அவ்வழக்கு முடிந்தபின் கண்ணகி வைகைக்கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறுகிறாள். கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவி கோட்டத்தை அந்நிகழ்வோடு இணைப்பது இப்பகுதி மக்களின் மரபு. முத்தின் மதிப்பை உள்நாடு நன்கு அறிந்திருந்தது. அம்முத்தை எடுத்தவர் எதிர்கொண்ட கடலை அது எந்த அளவுக்கு அறிந்திருந்தது என்பதே இங்கு எழும் வினா.

சங்க இலக்கியத்தில் சுறா

நெய்தல் திணைப் பாடல்களில் சுறா இருநிலைகளில் காணப்படுகிறது. முதலாவது, பகை. குறுந்தொகை 269ஆம் பாடலில் தலைவியின் தந்தை, சுறா தாக்கிய புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குள் செல்கிறான். தாயோ உப்பை மாற்றி வெண்ணெல் பெறும்பொருட்டு உப்பு விளையும் நிலத்துக்குப் போயிருக்கிறாள். காதலுக்குரிய தனிமையைச் சொல்ல வந்த பாடல் இது. எனினும், அதன் பின்புலத்தில் ஒரு பொருளாதாரம் முழுமையாகத் தெரிகிறது. நெல் கடற்கரைக்கு வர வேண்டுமெனில் உப்பும் மீனும் உள்நாடு செல்ல வேண்டும். அதற்குப் புண் ஆறியவன் மீண்டும் கடலில் இறங்க வேண்டும்.

இரண்டாவது, வழிபாடு. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கோட்டை நட்டுத் தெய்வமாக வணங்கி விழாக் கொண்டாடுகின்றனர். சுறாவுக்குக் கொம்பு இல்லை. ஆதலின் இக்கோடு, இருபுறமும் பற்கள் அமைந்த வாள்சுறாவின் நீண்ட மூக்கு எனக் கொள்வதே பொருந்தும். இன்றைய விலங்கியல் வாள்சுறாவைத் திருக்கை இனத்தோடு சேர்க்கிறது. பரதவரின் பகுப்போ வலையையும் உடலையும் கிழிக்கும் ஆற்றலை அடிப்படையாகக் கொண்டது. அஞ்சத்தக்கதையே வணங்குவது என்னும் இந்நிலையிலிருந்து, அஞ்சத்தக்கதைக் கட்டுவது என்னும் நிலைக்கு நகர்ந்ததன் சான்றாகக் கடல்கட்டியைக் காணலாம்.

கடல்கட்டியும் சலாபமும்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடல் பெரிப்ளுசு', பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்து எடுக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. இக்குறிப்பின்படி, அக்காலக் கடலடி உழைப்பு ஒரு தண்டனை. இறங்க மறுக்கும் உரிமை அதில் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ தரும் சித்திரம் வேறு. வணிகர் தம் ஈட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கையும் அளித்தனர் என்கிறார் அவர். அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அது அவிழ்க்கப்படும். எவரும் இருளில் களவாக முத்தெடுக்கக் கூடாது என்பதே அதற்கு அவர் கூறும் காரணம். இது கூர்ந்து நோக்கத்தக்கது. பகலில் குளியாளியின் உயிரைக் காத்த அதே மந்திரம், இரவில் அவிழ்ந்து அரசனின், வணிகரின் உடைமையைக் காத்தது. சுறா இங்கே பகையாகவும் ஊதியமில்லாக் காவலாளியாகவும் ஆகிறது.

1535–37 காலப்பகுதியில் பரதவர் பெருமளவில் கத்தோலிக்க சமயம் தழுவிய பின்னரும் இவ்வழக்கம் மறையவில்லை. இலங்கையில் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் டென்னென்ட், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் கடல்கட்டி பற்றி எழுதுகிறார். அப்பதவி ஒரே குடும்பத்தின் பரம்பரை உரிமை; அக்காலக் குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர்; அதனால் மந்திரத்தின் வலிமை குறைந்ததாக எவரும் எண்ணவில்லை. டென்னென்ட் சென்றபோது கடல்கட்டி நோயுற்றிருந்தார். அவர் அனுப்பிய பதிலாள், தனக்கு மந்திர இரகசியம் தெரியாது என்றும், உரியவரின் சார்பாளராகத் தான் இருப்பதையே சுறாக்கள் மதிக்கும் என்றும் கூறினாராம்.

டென்னென்ட் இதை நகைச்சுவையாகவே பதிவு செய்கிறார். ஆயினும் அப்பதிலாளின் விடை, இந்நிறுவனத்தின் இயல்பைத் துல்லியமாகக் காட்டுகிறது. மந்திரச் சொற்களைவிட அப்பதவியின் இருப்பே முதன்மையானது. ஆங்கில ஆட்சி தொடங்கியது முதல் இலங்கைச் சலாபங்களில் சுறாவால் நேர்ந்த விபத்து மிக அரிது என்றும், நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே இறங்கும் ஆரவாரமே சுறாக்களை விரட்டியிருக்கும் என்றும் டென்னென்ட் கருதுகிறார். அக்கருத்தை ஏற்றாலும் ஒரு வினா எஞ்சுகிறது. விபத்து அரிதெனில் அச்சம் ஏன் நிலைத்தது?

கல்லைக் காலில் கோத்து, மூச்சடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்குபவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவரின் கையில் இருக்கிறது. மூச்சுத் திணறல், செவிக் குருதி, சலாபக் கொட்டகைகளில் பரவும் வாந்திபேதி ஆகியவை சுறாவைவிட மிகுதியாக உயிர் கொண்டிருக்கக் கூடும். ஆனால், பெயர் சொல்லி அஞ்சத்தக்க உருவம் சுறாவுக்கு மட்டுமே இருந்தது. கடல்கட்டி இன்றி இறங்க மாட்டோம் எனக் குளியாளிகள் மறுத்ததை ஆங்கிலேயர் குறிப்புகள் சொல்கின்றன. அந்நம்பிக்கையைப் பகிராத அரசும் அதற்கு இணங்கியது. எடுக்கப்பட்ட சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளிகளுக்கும் சென்ற அமைப்பில், உழைப்போர் வற்புறுத்திப் பெற முடிந்த பாதுகாப்பு ஏற்பாடு இது. கொற்கைக் கைதிக்கு இல்லாத மறுப்புரிமை, நம்பிக்கையின் மொழியில் இங்கே ஒலிக்கிறது.

காவலின் திசைமாற்றம்

வளர்ப்பு முத்தின் வருகையாலும் பார்களின் வளம் குன்றியதாலும் சலாபங்கள் நலிந்தன. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நிகழ்ந்தது. சுறா வேட்டை அவ்வாறு ஓயவில்லை. மெதுவாகப் பருவமெய்திச் சில குட்டிகளையே ஈனும் இவ்வுயிர்கள் மிகைப்பிடிப்பிலிருந்து எளிதில் மீளாதவை. 2001இல் திமிங்கிலச் சுறா காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு சுறா, திருக்கை இனங்கள் முழுவதற்கும் விதிக்கப்பட்ட தடை, மீனவரின் எதிர்ப்புக்குப் பின் பத்து இனங்களாகச் சுருக்கப்பட்டது. அப்பத்தில் வாள்சுறாக்களும் அடங்கும். 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஒரு காலத்தில் கரையில் நட்டு வணங்கப்பட்ட கோட்டுக்குரிய உயிர் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

முடிவுரை

வணங்குதல், கட்டுதல், சட்டத்தால் காத்தல் என மூன்று நிலைகளில் சுறாவோடு தமிழர் கொண்ட உறவு இயங்கியுள்ளது. மூன்றிலும் சுமையை நேரில் ஏற்றவர் கடலில் இறங்குபவரே. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டுச் சமைக்கும் வழக்கமும், சந்தையில் விற்கும் சுறாக் கருவாடும் உள்நாட்டை இன்றும் அக்கடலோடு பிணைக்கின்றன. ஆதலின் சுறாவின் வரலாறு நெய்தல் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. வைகையின் வரலாற்றைத் தலைநிலத்திலிருந்து எழுதுவோர் அதனை முகத்துவாரத்தோடு நிறுத்தாமல், அதற்கப்பால் மூச்சடக்கி இறங்கியவர் வரை கொண்டுசெல்வது தேவையாகும்.