மரச்சிதைவும் பூஞ்சையும்: ராபர்ட் ஹார்ட்டிக்கின் ஆய்வுகள் ஏற்படுத்திய கருத்து மாற்றம்

முன்னுரை

மரம் மக்குவதற்குப் பூஞ்சையே முதன்மைக் காரணம் என்பது இன்று பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெறும் செய்தியாகும். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய அறிஞர் பலர் இதற்கு நேர்மாறான கருத்தையே கொண்டிருந்தனர். மரம் முதலில் அழுகுகிறது. அவ்வழுகலிலிருந்து பூஞ்சை பிறக்கிறது என்று அவர்கள் நம்பினர். காரணமும் விளைவும் இடம் மாறிய இவ்வரலாற்றை ஜெர்மானியக் காட்டியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்டிக்கின் (1839–1901) ஆய்வுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தந்தையின் விளக்கம்

ராபர்ட்டின் தந்தை தியோடர் ஹார்ட்டிக்கும் காட்டியல் அறிஞரே. அழுகிய மரத்தினுள் நுண்ணிழைகள் இருப்பதை அவர் 1833ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். எனினும், அவை வெளியிலிருந்து புகுந்தவை என அவர் கருதவில்லை. மரத்தின் உயிரணுக்களே பூஞ்சையாக உருமாறுகின்றன என விளக்கினார். உயிர் தானே தோன்றக்கூடும் என்னும் கொள்கைக்கு அன்று அறிஞரிடையே ஆதரவு இருந்தது. எனவே, கண்டது சரியாக இருந்தும் விளக்கம் பிழைபட்டது.

மகனின் சான்றுகள்

பயிர்களைத் தாக்கும் துரு நோய்க்கும் கரிப்பூட்டை நோய்க்கும் பூஞ்சைகளே காரணம் என 1853இல் ஆன்டன் டி பாரி நிறுவினார். இவ்வழியில் மரங்களை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்டிக், தம் முடிவுகளை 1874, 1878ஆம் ஆண்டுகளில் நூல்களாக வெளியிட்டார்.

அவர் தந்த சான்றுகள் இருவகைப்பட்டன. முதலாவது, மரத்தினுள் உள்ள இழைகளையும் வெளியே தோன்றும் காளான்களையும் ஒரே உயிரியின் பகுதிகள் என இணைத்துக் காட்டியது. வேர்களிலும் மரப்பட்டையின் அடியிலும் படரும் கரிய கயிறு போன்ற இழைக்கற்றைகள் தேன்காளானின் உறுப்புகளே என்று அவர் தெளிவுபடுத்தினார். இரண்டாவது, பூஞ்சைக்கேற்ப அழுகலின் தன்மை வேறுபடுவதைக் காட்டியது. ஒரு பூஞ்சை மரத்தில் சிறு வெண்குழிகளை உண்டாக்கியது. மற்றொன்று தாக்கிய மரம் பழுப்பேறிக் கட்டிகட்டியாக வெடித்தது. அழுகலே பூஞ்சையைத் தோற்றுவிப்பதாயின், இவ்வேறுபாட்டை விளக்குவது அரிது.

இம்முடிவு காட்டுப் பராமரிப்பையும் மாற்றியது. அழுகல் மரத்தின் இயல்பான மாற்றமாயின் அதனைத் தடுக்க வழியில்லை. பூஞ்சை வெளியிலிருந்து பரவுவதாயின் தடுக்க முயலலாம். நோயுற்ற மரங்களைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, வேர்வழிப் பரவலைத் தடுக்குமாறு ஹார்ட்டிக் பரிந்துரைத்தார்.

பின்னைய வளர்ச்சி

பூஞ்சை மரத்தை எவ்வாறு சிதைக்கிறது என்னும் வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டு வேதியியல் விடை தேடியது. பழுப்பு அழுகல் பூஞ்சைகள் செல்லுலோசை உட்கொண்டு, லிக்னினைப் பெரும்பாலும் எஞ்சவிடுகின்றன. வெண் அழுகல் பூஞ்சைகள் லிக்னினையும் சிதைக்கின்றன. லிக்னினைச் சிதைக்கும் நொதியொன்று 1983இல் வெண் அழுகல் பூஞ்சையிலிருந்து கண்டறியப்பட்டது.

முடிவுரை

தந்தையும் மகனும் நோக்கியவை ஒரே வகை இழைகளே. இழைகளை மட்டும் நோக்காது, அவற்றின் தோற்றம், பரவல், விளைவு ஆகியவற்றைத் தொடர்புபடுத்தி ஆராய்ந்ததே மகனின் பங்களிப்பாகும். மரநோயியல் தனித்துறையாக வளர இவ்வாய்வுமுறை அடித்தளமிட்டது எனலாம்.