ஒரு அருவி, மூன்று பயணம்

ஹோட்டன் சமவெளியில் இருக்கிற பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு நான் முதலில் போனது பாடசாலைச் சுற்றுலாவில், ஒரு ஜனவரி மாதம். பட்டிப்பொல பக்கமாக வேனில் ஏறி, விடிகிற நேரத்திலேயே நுழைவாயிலுக்குப் போய்விட்டோம். பிஸ்கட் பக்கட்டுகளின் பொலித்தீன் உறையை எல்லாம் வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி. அருவியோ மெலிசாகப் பாறையில் இறங்கிக்கொண்டிருந்தது. உயரம் சுமார் 20 மீற்றர்தான். "இதுக்கா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது தடவை கம்பஸ் பேட்ச்சோடு, ஜூலையில். தென்மேல் பருவக்காற்றுக் காலம். உலக முடிவில் போய் நின்றால் எதிரே வெறும் மூட்டம், வேறொன்றும் தெரியல. ஆனால் அருவி ஏமாற்றவில்லை. கீழே இறங்குகிற பாதையிலேயே அதன் சத்தத்தில் பக்கத்தில் வருகிறவர் பேசுவது கேட்காது. ஜனவரியில் பார்த்த பாறையைத் தேடினேன், காணோம்.

மூன்றாவது தடவை மார்ச் மாதம், மழையே இல்லாத நேரம். அந்தக் கிழமை அப்புத்தளைப் பக்கம் எங்க தோட்டத்துப் பீலியில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். மேலே போனால் அருவி குறைந்திருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. அழகைப் பார்க்கப் போன எனக்கு அன்றைக்குத்தான் கேள்வி வந்தது: இரண்டுமே மலைதான், அங்கே மட்டும் ஏன் தண்ணீர் இருக்கு?

பாதிப் பதில் காட்டில் இருக்கு. 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிற அந்தக் காட்டின் மரங்கள் குள்ளமானவை, உடம்பெல்லாம் பாசி. மழை பெய்யாத நாளிலும் மூட்டம் இலையிலும் பாசியிலும் பட்டு, நீராகிச் சொட்டும். கரிய மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். இங்கே விழுகிற தண்ணீர்தான் பெலிஹுல் ஓயாவாக இறங்கி, சமனலவெவயில் வளவை கங்கையோடு சேர்ந்து, உடவளவை வயல்வரைக்கும் போகுது.

மீதிப் பதில் வரலாற்றில். 1830கள் தொடக்கம் கண்டி மலைநாட்டில் கோப்பிக்காகக் காடு அழிந்தது. மரம் தறித்ததில் சிங்களக் கிராமத்தவர்களும் இருந்தார்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்க ஆட்களும் இருந்தார்கள். தறிக்கச் சொன்னவர்கள் தோட்டத் துரைமார். 1873இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். இது மலைமேல் வந்த இரக்கம் என்று நான் நினைக்கல. மலையுச்சி மொட்டையானால் கீழே தோட்டத்துக்கும் தண்ணீர் இருக்காது. அந்தக் கோடும் எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை. நுவரெலியாவைச் சுற்றி அதைவிட உயரத்திலும் தேயிலை நிற்குது. ஆனால் ஹோட்டன் சமவெளிக் காடு தப்பியது. அப்புத்தளை ஏறக்குறைய 4,700 அடி. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே!

இனி பெயர். சிங்களத்தில் இந்தச் சமவெளிக்கு மஹ எலிய என்று பெயர். ஆங்கிலேயர் அதற்கு 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். அருவிக்கு வந்தது சாமுவேல் பேக்கரின் பெயர். 1848இல் நுவரெலியாவில் பண்ணை தொடங்கியவர், வேட்டைக்காரர். நாய்க் கூட்டத்தோடு மரைகளை விரட்டிக் கொன்றதைப் பெருமையாகப் புத்தகமே எழுதினார். மரையை அவர் 'எல்க்' என்றுதான் எழுதுவார். ஒருகாலத்தில் இந்தச் சமவெளியில் யானையும் இருந்தது. இப்போது இல்லை. 1855இல் பேக்கர் நாட்டைவிட்டே போய்விட்டார், பெயர் மட்டும் பலகையில் நிற்குது.

காடு தப்பியது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 1988இல்தான் இது தேசிய பூங்கா ஆனது. 1970கள் வரை அந்தப் புல்வெளியில் உருளைக்கிழங்கு பயிரிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நடக்கும்போது நின்றபடியே காய்ந்த கீனா மரங்களைப் பார்க்கலாம்.

மார்ச்சில் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாயியிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். நாற்பது வருடம் அந்த மலையைப் பார்த்தபடி கொழுந்து எடுத்தவங்க. ஒருநாளும் மேலே போனதில்லை. படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வெயில்லயும் தண்ணி வருதா?" என்று கேட்டாங்க. வருது என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாங்க. அவங்களையும் ஒரு தடவை கூட்டிப்போகணும். முழுச் சுற்றும் ஒன்பது கிலோமீற்றர், அவங்க காலுக்கு ஆகாது. அருவி வரைக்கும் மட்டும், மெதுவாக, மழை விட்ட ஒரு ஜனவரியில்.