கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் அமைந்த ஈரநிலம். நகரத்துக்கு மீன், காய்கறி, நெல் மூன்றையும் தருவதோடு, அதன் சாக்கடை நீரையும் சுத்திகரிக்கிறது.

மாநகரக் கழிவுநீர் கால்வாய்கள் வழியாக ‘பேரி’ எனப்படும் ஆழம் குறைந்த மீன் குளங்களுக்கு வருகிறது. அங்கே வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் அழுக்கைச் சிதைக்க, பெருகும் மிதவை நுண்ணுயிர்கள் ரோகு, கட்லா, ஜிலேபிக் கெண்டைக்கு இரையாகின்றன. எவ்வளவு கழிவுநீரை எப்போது திறந்துவிடலாம் என்பதைத் தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் வைத்தே மீனவர்கள் முடிவு செய்வார்கள். கரை அரிக்காமலிருக்க ஓரமெங்கும் ஆகாயத்தாமரையை வளர்க்கிறார்கள். மற்ற ஊர்களில் தொல்லையாகிப்போன செடி இங்கே கரைக்காவல். குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் போகிறது. தாபா பகுதியில் மக்கிய குப்பை மண்ணில் காலிஃபிளவரும் கீரையும் விளைகின்றன. விளைச்சல் அருகிலுள்ள சந்தைகளுக்கே போவதால் எளிய குடும்பங்களுக்கும் மீன் கட்டுப்படியாகிறது.

இந்த அமைப்பை உருவாக்கியவர்கள் மீனவர்களும் விவசாயிகளும். அதன் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருபஜோதி கோஷ் (மறைவு 2018).

ஆனால் நகரம் விரிய விரிய ஈரநிலம் சுருங்கியது. கொல்கத்தாவின் சால்ட் லேக் நகரியமே ஈரநிலத்தைத் தூர்த்து எழுந்ததுதான். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் நில மாற்றத்துக்குத் தடை விதித்தது; 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும், 2006இல் தனிப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. ஆனாலும் ஆக்கிரமிப்பு நிற்கவில்லை. வண்டல் படிந்து குளங்கள் மேடாவதும், தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியமும் உடனடிக் கவனம் தேவைப்படும் சிக்கல்கள்.