வீட்டு நலப் பராமரிப்பாளர் பயிற்சி (மதுரை வட்டாரம்)

முதியோர், நெடுநாள் படுக்கையில் இருப்போர், அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியோர் ஆகியோரை அவரவர் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் பணிக்கான குறுகிய காலப் பயிற்சி. 2015இல் தொடங்கிய பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டத்தில் இத்தகைய பயிற்சிகளுக்குக் கட்டணம் இல்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஏழைக் குடும்பத்து இளையோருக்கு 2014இல் வந்த தீனதயாள் உபாத்யாயா ஊரகத் திறன் திட்டமும் உண்டு. நகை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் இவற்றை விசாரிக்க வேண்டும்.

இது செவிலியர் படிப்பு அன்று; இச்சான்றிதழைக் கொண்டு தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிய முடியாது. ‘நர்சிங்’ என்ற பலகையை மட்டும் நம்பிச் சேர்வோருக்கு இதைச் சேருமுன்பே சொல்லியாக வேண்டும்.

நல்ல பயிற்சிக்கு அடையாளம் கைப்பழக்கம். படுக்கைப்புண் வராமல் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், படுத்தபடியே உடல் துடைத்தல், புரையேறாமல் தலையை உயர்த்தி உணவூட்டல், ரத்த அழுத்தம் பார்த்தல் ஆகியவை வகுப்பறையில் மட்டும் கற்கக்கூடியவை அல்ல. மருத்துவமனை வார்டில் செய்து பழக வழியில்லாத நிலையத்தைத் தவிர்ப்பதே நல்லது.

பக்கத்துத் துறையில் மதுரையிலேயே சிறந்த முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களை உதவித்தொகையுடன் ஈராண்டு பயிற்றிக் கண்நல உதவியாளர்களாக்குகிறது.